அண்ணாச்சி கம்ப்யூட்டர்ல மட்டும் கறுப்பா தெரிஞ்ச வெப்சைட்

நான் செஞ்சு குடுத்த வெப்சைட் கறுப்பா இருக்குன்னு தேனி ஏலக்காய்க் கடை அண்ணாச்சி மூணு நாளா போன் பண்ணிக்கிட்டே இருந்தாக.

"பச்சையில கேட்டா எழவு வீடு மாதிரி குடுத்திருக்கியே ஆத்தா. சரிவரலேன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

என் பிரவுசர்ல நிறம் பார்க்க ஒண்ணு, எழுத்து அளவு பார்க்க ஒண்ணு, பிழை பார்க்க ஒண்ணுன்னு பிரவுசரோட ஒட்டிக்கிற குட்டிக் கருவி, அதாவது எக்ஸ்டென்ஷன், ஏழு இருக்கு. எல்லாமே பச்சைன்னுதான் சொல்லுச்சு. ஆனாலும் மூணு நாளும் கோடிங்கை மாத்தி மாத்தி எழுதினேன்.

இன்னைக்குக் காலையில எங்க ஊர் கம்பத்துல பஸ் ஏறி, தேனிக் கடைக்கு நேர்லயே போயிட்டேன்.

அவுக பிரவுசர்ல இருந்தது ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கறுப்பாக்குற டார்க் மோட்.

"இதை யாரு போட்டது அண்ணாச்சி?"

"என் மகதான். கண் ஆபரேஷன் முடிஞ்சப்ப, கூசாம இருக்கட்டும்னு போட்டுவிட்டுப் போனா."

அதை அணைச்சேன். பச்சை பளிச்சுன்னு வந்துச்சு. எனக்குக் கோவமும் வரல, சந்தோஷமும் வரல.

அண்ணாச்சி கண்ணைச் சுருக்கிக்கிட்டுக் கொஞ்ச நேரம் பாத்தாக.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணு கூசுதே ஆத்தா. எனக்கு அந்தக் கறுப்பையே வச்சுரு."

மறுபடியும் போட்டுவிட்டேன். டீ வாங்கிக் குடுத்து, அடுத்த வேலையும் எனக்குத்தான்னு சொன்னாக. சரின்னு தலையாட்டிட்டு பஸ் ஏறிட்டேன்.

டெவலப்பர் மக்களே, கோடிங்கைத் தொடுறதுக்கு முன்னாடி வாடிக்கையாளரோட மககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ற எக்ஸ்டென்ஷன் ஏதும் இருந்தா லிங்க் போடுங்க.