பலப் பட்டியலில் ஓர் ஆள்

கோலா சிலாங்கூர் செம்பனை ஆலை வாசலில் எங்கள் லோரிகள் எடைக்கு வரிசை பிடித்து நிற்கும்போது, எங்களுக்கு வேறு வேலை கிடையாது. உலகத்துப் படைகளை அளந்துகொண்டிருப்போம். எந்த நாட்டு இராணுவம் பெரிது என்ற பட்டியல் எவன் கைப்பேசியிலாவது வந்துவிடும். அதில் மியன்மார் மலேசியாவுக்கு மேலே இருந்தது. என் லோரியில் செம்பனைக் குலை ஏற்ற வரும் பர்மாக்காரர் அங்கே பிறந்து வளர்ந்த தமிழர். அவரைச் சீண்ட அது போதாதா? "அண்ணே, ஒங்க நாடு எங்களுக்கே மேல லா! அப்புறம் ஏன் இங்க வந்து குலை தூக்குறீங்க?" என்பேன். அவரும் சிரிப்பார்.

எனக்கு அந்தப் பட்டியலில் அப்போதே பாதி நம்பிக்கைதான். எங்கள் முதலாளியின் விளம்பரப் பலகையைப் பார்த்தால் ஏகப்பட்ட லோரி. நேரில் வந்தால் பாதி பட்டறையில் கிடக்கும். டாங்கியும் அப்படித்தானே? ஓடுவது எது, ஓடாதது எது என்று யார் போய்ப் பார்த்தார்கள்? ஆனாலும் வீம்புக்குப் பேசுவதில் ஒரு சுகம்.

ஒருநாள் அவர், எதையெல்லாம் சேர்த்து எண்ணுகிறார்கள் என்று கேட்டார். விமானம், கப்பல், டாங்கி என்று வாசித்து, படைக்கு ஆகிற வயதில் உள்ள ஆட்கள் என்று முடித்தேன்.

"அப்ப ஊர்ல இருக்குற எம் மகனும் அதுல இருக்கானா தம்பி?"

"இருப்பான்ணே," என்றேன், ஏதோ பெருமையான செய்தி போல.

"வீட்டுல கோழி அறுத்தாலே வெளிய ஓடிருவான். அவனப் போயி எண்ணிருக்காங்களே," என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று ஓடுகிறவனையும் நாட்டின் பலத்தில் கூட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சில மாதங்களில் அந்தப் பையனைக் கட்டாயமாகப் படைக்குப் பிடித்துப்போனார்கள். பிறகு, இறந்துவிட்டான் என்று ஊரிலிருந்து தகவல் வந்தது. உடலைக் கண்ணில் காட்டவில்லையாம். இவர் போகவும் வழியில்லை; போனால் திரும்பி வர முடியாது. மறுநாளும் குலை ஏற்ற வந்து நின்றார்.

இந்த ஆண்டு புதுப் பட்டியல் வந்தது. வரிசையில் வழக்கமான கூச்சல். நான் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் கதவோரம் வந்தார்.

"புதுசு வந்திருச்சாமே. ஆள் கணக்குல ஒண்ணு கொறைஞ்சிருக்கா, பாரு தம்பி."

எடுத்துப் பார்த்தேன். ஆட்களை முழு லட்சங்களாகத்தான் போட்டிருந்தார்கள். போன தடவை இருந்த அதே எண். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொறைஞ்சிருக்குண்ணே," என்றேன்.

"சரி தம்பி," என்றவர், லோரிச் சக்கரத்தோரம் உட்கார்ந்து அழுதார். மகன் போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.