ஏரிக்கு மேல் நின்ற பறவை

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் அடித்த புயல்மழை ஓய்ந்த காலையில் அந்தப் பறவை எங்கள் ஏரிக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. பறந்துகொண்டிருந்தது என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அது இறக்கை அடித்து நான் பார்க்கவில்லை. பருந்தைவிட இரண்டு பங்கு நீளமான இறக்கை, கத்தரிக்கோல் மாதிரி பிளந்த வால், உடம்பெல்லாம் கறுப்பு, தலை மட்டும் வெளுப்பு. பர்கூர் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார்கள். மூன்றிலும் அதற்குப் பெயர் இல்லை. அது கத்தவில்லை, தண்ணீரில் இறங்கவும் இல்லை. கொக்கும் காக்கையும் எங்கேயோ போய்விட, ஏரிக்கரை சத்தமில்லாமல் கிடந்தது. மாட்டை அந்தப் பக்கம் ஓட்டப் பெரியவர்களே தயங்கினார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. என் சித்தப்பா மைசூர் சீமையில் சுரங்க வேலைக்குப் போயிருந்தார். தீபாவளிக்கும் வரவில்லை. இரண்டு மாதமாகக் கடிதமும் இல்லை. அவர் எப்போதும் தலையில் வெள்ளைத் துண்டு கட்டியிருப்பார்.

பெரியம்மா கரையில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். "துண்டு கட்டுன தல. அவனேதான். போன எடத்துல என்ன ஆச்சோ, ஊட்டப் பாக்க வந்திருக்கான்" என்றாள்.

"புயல்ல வழி தப்புன பறவ அண்ணி. அத ஏன் எந்தம்பியா ஆக்குறீங்க?" என்றார் அப்பா.

"அப்ப சோறு வெச்சுப் பாப்போம். எடுத்தா அவன். எடுக்கலன்னா உன் பறவ."

செத்தவர்களுக்குப் படைத்த சோற்றைக் காக்கை வந்து எடுக்கும். இது காக்கை இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தினமும் கேழ்வரகுக் களிதான். நெல்லுச்சோறு பண்டிகைக்கும் திதிக்கும் மட்டும். அன்று சோறு பொங்கி, புரச இலையில் வைத்து ஏரிக்கரையில் படைத்தார்கள். சித்தப்பா எடுக்காமல் விட்டால் அதை எனக்குத் தருவார்களா என்பதே என் கவலையாக இருந்தது.

பறவையின் நிழல் இரண்டு முறை இலைமேல் ஊர்ந்து போனது. அது இறங்கவில்லை. பொழுது சாய்ந்ததும் பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "உசுரோட இருக்கான்" என்று சொல்லிச் சோற்றை ஏரியில் கொட்டிவிட்டாள்.

எல்லோரும் திரும்பிய பிறகும் சித்தி மட்டும் கரையிலேயே நின்று அந்தப் பறவையின் வளைந்த அலகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. சித்தப்பா ஊரில் இருக்கும் நாட்களில் வெயிலிலும் அவள் முந்தானையை மணிக்கட்டு வரை இழுத்துப் போர்த்திக்கொண்டே இருப்பாள். குளிர் தாங்காத உடம்பு என்று நான் நினைத்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் சித்தி என்னை எழுப்பினாள். "தனியா போக பயமா இருக்குது. கூட வாடா கண்ணு" என்றாள். அவள் கையில் ஒரு கெண்டை மீன் இருந்தது. கரைக்குப் போனதும் அதைத் தண்ணீரில் வீசினாள். மீன் வெள்ளையாக மிதந்தது. மேலே நின்ற பறவை கல் விழுவதுபோல இறங்கியது. ஒரு சிறகுகூட நனையவில்லை. அலகின் நுனி தண்ணீரைத் தொட்டது, மீனைக் காணோம். சித்தி நீளமாக மூச்சு விட்டாள்.

"எடுத்துக்கிச்சு பாத்தியா?"

"ஆமா சித்தி."

"கரையில கெடந்த சோத்துப் பருக்கைய எடுத்துச்சுன்னு ஊட்டுல சொல்லு. மீனப் பத்திப் பேசாத. நீ சொன்னா நம்புவாங்க."

நான் வாய் திறப்பதே அபூர்வம் என்பதால் நம்பினார்கள். பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டாள். சித்தியின் தாலியைக் கழற்றி, ஊத்தங்கரைப் பக்கம் இருந்த அவள் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்தது. அப்பாதான் தடுத்தார். "நான் நேர்ல போயி பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் தாலிமேல யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அதற்கு அடுத்த நாள் வானத்தில் பறவை இல்லை. ஏரியில் செத்து மிதக்கிறது என்று ஆடு மேய்க்கிறவர் சொன்னார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. இருபது வருஷம் கழித்து, கல் ஏற்றிய லாரியோடு மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போனபோது ஒரு கட்டுமரக்காரரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். "அது நடுக்கடல் பறவ. எப்பனா ஒரு தபா காத்து தள்ளிக்கினு வரும். தண்ணியில உக்காந்தா எந்திரிக்காது. மீனத் தவிர எதையும் தொடாது" என்றார். கடலையே பார்த்திராத சித்தி அதை எப்படிக் கண்டுகொண்டாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அப்பா சித்தப்பாவோடு வந்து இறங்கினார். காய்ச்சலில் கிடந்தாராம். பெரியம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தக் கூச்சலில் என் பொய்யை யாரும் விசாரிக்கவில்லை. நல்ல சேதியைச் சித்திக்கு நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கிணற்றடிக்கு ஓடினேன்.

"சித்தப்பா வந்துட்டாரு சித்தி."

கயிறு அவள் கையைவிட்டு ஓடியது. தோண்டி உள்ளே விழுந்த சத்தம் அடங்கும்வரை அவள் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளு இருப்பாராம்?"

அது எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. மறுபடியும் போய்விடுவாரோ என்று தவிக்கிறாள் என எண்ணி, சந்தோஷப்படட்டும் என்று நானாகவே சொன்னேன்.

"இனிமே போகவே மாட்டாராம் சித்தி. இங்கயேதான் இருப்பாராம்."

அந்த வாரத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்க்காகத்தான் சாமி கண்ணைக் குத்தும் என்று வெகுநாள் பயந்துகொண்டிருந்தேன்.