உறை மோர்

என் அக்கா ஞானசௌந்தரி ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் தனியாக இருக்கிறாள். கணக்கு டியூஷன் எடுத்தே பிழைத்தவள். அவள் தோய்க்கும் தயிர் அவ்வளவு கெட்டி. சாயங்காலமானால் உறை மோர் கேட்டு யாராவது கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் முழங்கை சிவந்து, செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. சொரியாசிஸ். கீழ்வீட்டு சாவித்ரி, என்னமோ எம்.டி. படித்தவள் மாதிரி, அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்: "அவங்க வீட்டு மோர் வாங்காதீங்க. ஒட்டிக்கும்." ஒரே வாரத்தில் டியூஷன் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். அக்கா லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கிப் படியில் போனார்கள். நாசமாய்ப் போகிறவள் என்று நான் வாய்விட்டே திட்டினேன். அக்கா திட்டவில்லை. அந்த மெசேஜை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொண்டாள்.

தாம்பரத்தில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"இது ஒட்டாதும்மா. உடம்போட எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்குது. குடல்ல இருக்கிற பாக்டீரியாவுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. வயித்துல எரிச்சல் இருக்கா?" என்று கேட்டார்.

"சாவித்ரியை நினைச்சா இருக்கு டாக்டர்" என்றாள் அக்கா.

ஊசியும் களிம்புமாக ஒன்றரை வருடத்தில் தோல் தெளிந்தது. போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது சாவித்ரி கிண்ணத்தோடு வந்தாள். அவள் மகன் ஜெயகிருஷ்ணனுக்கு இப்போது அதே செதில். அவனுக்குப் பெண் பார்க்கிற நேரம். குடல் பாக்டீரியா என்று அவனைப் பார்த்த டாக்டர் ஏதோ சொல்லப்போக, அக்காவைக் குணமாக்கியது இந்தத் தயிர்தான் என்று இவளாக முடிவு கட்டிவிட்டாள்.

"கொஞ்சம் உறை மோர் குடுங்களேன்."

"ஒட்டிக்குமே" என்றாள் அக்கா.

"அப்ப தெரியாம சொல்லிட்டேங்க."

"எங்க சொன்னீங்களோ அங்கேயே சொல்லுங்க."

சாவித்ரி வாசலில் நின்றபடியே டைப் செய்தாள். எனக்குப் பாவமாகவே இல்லை. அக்காவின் ஃபோனில் வந்து விழுந்தது: "சொரியாசிஸ் ஒட்டாது. ஞானசௌந்தரி மேடத்தைப் பத்தி நான் போட்டது தப்பு."

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

"தயிர் தீர்ந்துபோச்சு மேடம். என்னைக் குணமாக்கினது மருந்து. பையனை டாக்டர் சொல்றபடி கேக்கச் சொல்லுங்க."

கதவைச் சாத்தினாள்.

ஃப்ரிட்ஜில் சட்டி நிறையத் தயிர் இருந்தது. அக்கா ஒரு கரண்டி அள்ளிச் சாப்பிட்டாள்.

"இன்னிக்கு வயித்துல எரிச்சல் இல்லடி" என்றாள்.