மூன்றாவது அறையின் நிலைப்படி

நம்பாதவர்கள் கடலோரக் கண்டக்குழிக்குப் போய் றோசமேரியிடமே கேட்கலாம். வயது அறுபத்தெட்டு. பொய் சொல்லியும் பழக்கமில்லை, பயந்தும் பழக்கமில்லை.

சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். மகன் வீட்டு வாசலில் ஐந்து படி. யாராவது தூக்கினால்தான் வெளியே போகலாம். கடலைப் பார்த்து நான்கு வருசம். அதனால்தான், கடற்கரையில் பாழடைந்து கிடந்த டச்சு ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தைப் படியில்லாத முதியோர் வீடாகத் திருத்துகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். திங்கட்கிழமை அதிகாரிகள் பார்வையிட வருவார்கள். ஒரு வாசலில் படி மிஞ்சியிருந்தாலும் அனுமதி இல்லை. இடம் சுற்றுலா விடுதிக்காரருக்குப் போய்விடும்.

மிஞ்சியிருந்தது ஒன்றுதான். மூன்றாவது அறை. வாசலில் அரை முழ உயர மர நிலைப்படி.

"அத மட்டும் ஒடைக்கச் சொல்லாதீங்க அக்கா," என்று வேலையைப் பார்க்க வந்திருந்த றோசமேரியிடம் சொன்னார் கட்டட வேலை செய்த ரிஃபாஸ் மேசன். "உள்ளுக்க யாரோ ஊர்ந்து வாற சத்தம் கேக்குது. நாங்க போறம்."

சனிக்கிழமை, பகல் 2.10. எல்லோரும் போய்விட்டார்கள். றோசமேரியை ஏற்றிப்போக ஆட்டோ நான்கு மணிக்குத்தான் வரும். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சக்கரம் வைத்த சில்லுக் கதிரையிலிருந்து தரையில் இறங்கினார்.

2.20. முதல் அடி.

உள்ளே... சர்ர்ர்... நின்றது. மறுபடி... சர்ர்ர்...

கைகளை ஊன்றி, உடம்பை இழுக்கும் சத்தம். அது அவருக்கு நன்றாகத் தெரியும். மகன் வீட்டில் தினமும் அவரே எழுப்பும் சத்தம்.

அறை காலி. தரையெல்லாம் வெயில்.

சத்தம் படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. விரல்களில் மூச்சு பட்டது... குளிர்ந்த மூச்சு.

பயம்தான். ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிது.

"நான் போக மாட்டன்," என்றார். "நீயும் வெளிய போகத்தானே பாக்கிற? பொறு. ஒடைக்கிறன்."

டக். டக். டக்.

2.41. படி பெயர்ந்தது.

சர்ர்ர்... அவரைத் தாண்டிப் போனது. வாசல் சரிவில் இறங்கியது. காலையில் பூசிய ஈரச் சீமெந்து. அதில் ஒரு தடமும் இல்லை.

திங்கட்கிழமை அனுமதி கிடைத்தது.

அடுத்த வாரம் பெயின்ட் அடிப்பவர் அந்த அறைக் கதவைச் சுரண்டினார். ஏழு பூச்சுக்குக் கீழே, மரத்தில் நகக் கீறல்கள். எல்லாம் உள்பக்கம். எல்லாம் கதவின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள். தாழ்ப்பாள் இருந்த ஓட்டைகளோ வெளிப்பக்கம்.

உள்ளே இருந்தது யாரென்று எவருக்கும் தெரியவில்லை.

றோசமேரி அந்த அறையையே கேட்டு வாங்கினார். கதவைக் கழற்றிவிட்டுத் தரச் சொன்னார்.