ராபின் கடை மெழுகுவத்தி

கும்மிடிப்பூண்டியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ராபின், சாவுக்கும் வயது பார்ப்பவன். அவன் அடிக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரில் கிழவர் என்றால் மெழுகுவத்தி உருகி அடியோடு ஒட்டியிருக்கும், சுடர் மட்டும் எரியும். சாகக்கூடாத வயதில் செத்தவருக்கு உருகாத முழு மெழுகுவத்தி, அணைந்து, புகையோடு. இந்துவோ கிறிஸ்தவரோ, எல்லோருக்கும் அதே மெழுகு. தூரத்தில் பார்த்தே "யாரோ சின்ன வயசுடா" என்று சொல்லுமளவுக்கு ஊருக்கு அது அத்துப்படி. பிழை திருத்துவது நான். எங்கள் தெருவின் முதல் பட்டதாரியை விட்டால் வேறு யார்?

போன மாதம் தானியேல் செத்தான். முப்பதுகூட ஆகவில்லை. கம்பெனி ஷெட் கூரைமேல் சேஃப்டி பெல்ட் இல்லாமல் அவனை ஏற்றிவிட்ட வெளியூர் கான்ட்ராக்டர் அன்புசெல்வன், துக்கம் தாங்காமல் மறுநாளே பேனருக்கு வந்துவிட்டார். வாசகமும் அவரே எழுதியிருந்தார்: 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' கூரையிலிருந்து விழுந்தவனைத் தூங்கவைத்துவிட்டார் மனிதர். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் தானியேலின் மனைவி ஏஞ்சலின் வந்தாள்.

"ராபின் அண்ணா, அவரு தூங்கல. இப்டி போட்டா நாளைக்கு எம் பொண்ணும் அதையே நம்பிக்கினு இருக்கும்."

"எழுத்து அவுருது தங்கச்சி. மெழுகுவத்தி என்னுது."

திரும்பி வந்த அன்புசெல்வன் கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, மெழுகுவத்தி இவ்ளோ நீட்டா கீது?"

"உங்க லெவலுக்குத் துண்டு மெழுகுவத்தி வச்சா நல்லாவா இருக்கும் சார்?"

"அதுவும் கரெக்டுதான். என் போட்டோவ அது பக்கத்துலயே வை. பெருசா."

"சைடு போஸ் கீதா சார்?"

இருந்தது. ஏதோ கூட்டத்தில் மைக் பிடித்து முழங்கியபோது எடுத்தது. ராபின் மைக்கை மட்டும் வெட்டி எடுத்தான்.

கம்பெனி கேட் எதிரே பேனர் ஏறியது. மூலையில் சின்னதாகத் தானியேல். நடுவில் உருகாத மெழுகுவத்தி. அதை ஒட்டி, வாயைக் குவித்தபடி அன்புசெல்வன். புகை அவர் வாயிலிருந்து விலகி மறுபக்கம் சாய்ந்தது.

ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் நின்றார்கள்.

"முழுசா கீதே, யார்ரா ஊதி அணைச்சது?"

"கண்ணு தெர்லயா? பக்கத்துலயே கீறாரு பாரு."

ஏஞ்சலின் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, பேனரை வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அன்புசெல்வன் கடைக்கே வந்தார், முகமெல்லாம் பூரிப்பு. "போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாக்குறாம்ப்பா. அதே மாரி இன்னொண்ணு அடி. பஸ் ஸ்டாண்டுல கட்டணும்."