ஐம்பத்திரண்டு நொடிகள்

சென்ற வாரம் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுச் சன்னல் கம்பிகளுக்கு வண்ணம் பூச வந்தவர், வண்ணத்தை இளக்கும் தின்னர் டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தார். அந்த நெடி மூக்கில் ஏறிய மறுகணமே நான் நாற்காலியை விட்டு எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எவ்வளவு ஊற்றுகிறார் என்று பார்க்கத்தான். அவர் திரும்பாமலேயே, "அளவாத்தான் ஊத்துறேன் ஐயா, நீங்க போயி குந்துங்க" என்றார். நான் போகவில்லை.

வயதானவருக்கே உரிய சந்தேகம் இது என்று எண்ணிவிடாதீர்கள், நண்பரே. இந்த நோய் இளமையிலேயே என்னைப் பற்றிக்கொண்டது. எண்ணைக் காட்டும் எந்தப் பொருளையும் நான் நம்புவதில்லை. கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்சைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முட்டை வேக வைப்பேன். இந்தப் பழக்கத்துக்கு என் மனைவி ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அதை அச்சில் ஏற்ற இயலாது.

தின்னர் நெடி என்னை இட்டுச் செல்லும் இடம் கடலூருக்கு வெளியே இருந்த ஒரு பெயின்ட் தொழிற்சாலை. அங்கே நான் அனுப்புகைப் பிரிவில் எழுத்தர். படிப்பு பத்தாம் வகுப்போடு முடிந்திருந்தது. ஆயினும் அலுவலகத்துக்கு வந்த ஒரே கணினியை, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில நூலொன்றையும் அகராதியையும் வைத்துக்கொண்டு நானே பழகினேன். ஆறு மாதத்தில் நிரல் எழுதும் அளவுக்குத் தேறினேன். எல்லாரும் என்னைக் 'கம்ப்யூட்டர் சார்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பெயின்ட் தண்ணியாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று அறிய அங்கே ஓர் எளிய சோதனை உண்டு. அடியில் துளையுள்ள ஒரு கோப்பையை விளிம்புவரை நிரப்பி, துளையை விரலால் அடைத்துக்கொண்டு, பிறகு விரலை எடுத்துவிட வேண்டும். கோப்பை வடிய அறுபது நொடியாவது ஆனால் சரக்கு சரி. குறைந்தால் யாரோ தின்னரை அதிகம் கலந்து, மிச்சமான ரெசின் பசையை வெளியே கடத்துகிறார்கள் என்று பொருள். எங்கள் மேலாளர் அப்படித்தான் பொருள் கொள்வார். தொழிலாளரின் சாப்பாட்டுத் தூக்கையே மோந்து பார்த்து வெளியே அனுப்பியவர் அவர். கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதப்படும் எந்த எண்ணையும் அவர் நம்பவில்லை. "எவன் வேணா எதை வேணா எழுதுவான். மிஷினே எழுதணும். செய்ய முடியுமா உன்னால?" என்று என்னிடம் கேட்டார்.

செய்தேன். கணினித் திரையில் ஒரு ஸ்டாப்வாட்சை உருவாக்கினேன். இரண்டே பொத்தான்கள், நடுவே பெரிய பச்சை எண்கள். நிறுத்தியவுடன் எண் தானே பதிவாகிவிடும். ஒரு சரக்குக்கு ஒரே பதிவுதான். மறுமுறை எடுக்க நிரல் இடங்கொடாது. ஏமாற்ற எண்ணுபவனுக்கு இரண்டாவது வாய்ப்பு எதற்கு? அந்தப் பூட்டை நானே யோசித்துச் சேர்த்தேன்.

ஒவ்வொரு காலையும் எட்டு மணிக்கு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் சோதனையாளர் ஜாகிர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு "விடுறேன்!" என்பார், இந்தப்புறம் நான் பொத்தானை அழுத்துவேன். லால்பேட்டைக்காரர் ஜாகிர், வாய் ஓயாதவர். அதே நேரத்தில் முந்தின நாள் அனுப்புகைப் பட்டியலை அச்சிடும் வேலையும் எனக்கு உண்டு. அதையும் அதே நிரலிலேயே சேர்த்திருந்தேன். திரையில் நொடி ஓடும். பக்கத்தில் பிரின்டர் கரகரக்கும். ஒரே நேரத்தில் இரு காரியம் செய்யும் பெருமிதத்தோடு நான் காலாட்டிக்கொண்டிருப்பேன்.

எட்டு மணிக்குச் சோதிக்கப்படுவது இரவு ஷிப்டின் சரக்கு. அதைக் கலக்குபவர் கலியபெருமாள். தேவனாம்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லாருக்கும் மாமா. எனக்கு மட்டும் ஏனோ அவரைப் பெயர் சொல்லி அழைப்பதே தகுதி என்று பட்டது.

முதல் நாள் அவருடைய சரக்கு ஐம்பத்திரண்டு நொடி காட்டியது. மறுநாள் ஐம்பத்தொன்று. பகல் ஷிப்டின் சரக்குகளெல்லாம் அறுபதுக்கு மேலேயே நின்றன.

"என்னா மாமா, கடல் தண்ணிய மொண்டு ஊத்திட்டியா?" என்று ஜாகிர் சிரித்தார். பிறகு கோப்பையில் விரலைத் தேய்த்துப் பார்த்து, "இல்ல சார், கெட்டியாத்தான் இருக்கு. ஜாஸ்தியா தின்னர் போன மாதிரி தெரியல" என்றார்.

ஜாகிருக்கும் இதில் பங்கிருக்குமோ என்று அந்தக் கணத்தில் நான் எண்ணினேன்.

கலியபெருமாள் தடுப்பருகே வந்து திரையையே சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "இன்னொரு தடவை புடிங்க சார்" என்றார்.

"ஒரு தடவைக்கு மேல் பதியாது."

"பதிய வேணாம். சும்மா புடிங்க. அதோ செவுத்துல கடியாரம் ஓடுதுல்ல, அதைப் பாத்து நானே எண்ணிக்கிறேன்."

"கம்ப்யூட்டரைவிட அந்தக் கடிகாரம் ஒசத்தியா?"

"உங்க பொட்டியில ஒரு நிமிஷத்துக்கு எத்தனை செகண்டு சார்? எங்கூர்ல அறுவது."

ஜாகிர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. இவ்வளவு துணிச்சலாகப் பேசுபவர் திருடராகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு கட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கடற்காற்று வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தேவனாம்பட்டினத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். கலியபெருமாளின் மைத்துனர் படகு கரையேறிக் கிடந்தது. பளபளவென்று புதுப் பச்சை வண்ணம்! தொட்டுப் பார்த்தேன்; விரலில் ஒட்டியது. திங்கட்கிழமை காலை மேலாளர் அறையில், எங்கள் சரக்கில் பூசியது என்று சொல்லி அந்த விரலைக்கூட நீட்டிக் காட்டினேன். அது மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் கடலுக்குப் போகாத படகுகளுக்கெல்லாம் வண்ணம் பூசுவது வழக்கம். அன்று அந்தக் கரையில் ஈரமாய் நின்றது அந்த ஒரு படகு மட்டுமன்று. இவையெல்லாம் என் கண்ணில் பட்டவையே. ஆனால் சந்தேகம் கொண்ட கண் தனக்கு வேண்டியதை மட்டுமே வீட்டுக்கு எடுத்து வருகிறது.

அந்தச் சனிக்கிழமையே கலியபெருமாளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பதினோரு ஆண்டு வேலை பார்த்தவர். வாயிற்காவலர் அவர் தூக்கை மோந்து பார்த்து அனுப்பியதை நான் சன்னல் வழியே கண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை சோதித்தது, இரவு ஷிப்டுக்கு வந்த வேறோர் ஆள் கலக்கிய சரக்கு. அன்றும் ஐம்பத்திரண்டு.

இவரும் திருடரா என்று எண்ணியவாறே திரையை வெறித்தேன். பட்டியலின் கடைசிப் பக்கங்கள் இன்னும் அச்சாகிக்கொண்டிருந்தன. சரக்கு எதையும் குறிக்காமல் ஸ்டாப்வாட்சைச் சும்மா மறுபடி ஓடவிட்டேன். பிரின்டர் கரகரக்கும்போது பச்சை எண் பதினான்கில் அசையாமல் நின்றது. தாள் ஏறி முடிந்ததும் பதினைந்து என்றது. சுவர்க் கடிகாரத்தின் முள்ளோ அதற்குள் மூன்று கோடு தாண்டியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். நொடிக்கொரு முறை கணினி நிரலுக்குக் குரல் கொடுக்க வேண்டும், கேட்கும்தோறும் நிரல் ஒன்று கூட்ட வேண்டும் என்று எழுதியிருந்தேன். அச்சு வேலையில் மூழ்கியிருந்த நிரலுக்குச் சில குரல்கள் காதில் விழவில்லை. கேளாத நொடிகள் எண்ணப்படவில்லை. பகல் சரக்கைச் சோதிக்கும் நேரத்தில் அச்சு வேலை கிடையாது. தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து, முடிந்த நேரத்திலிருந்து கழித்திருந்தால் ஒரு நொடிகூடத் தவறியிருக்காது. மூன்றே வரி மாற்றம். அன்று பிற்பகல் மூன்று மணிக்குள் மாற்றிவிட்டேன். திங்கட்கிழமைச் சரக்கின் பதிவையும், நான் போட்ட பூட்டை நானே திறந்து, அறுபது என்று திருத்தினேன்.

செவ்வாய்க்கிழமை அறுபத்தொன்று. புதன்கிழமை அறுபது. மேலாளர் என் தோளைத் தட்டினார். "பாத்தியா? ஆளு போனான், சரக்கு கெட்டியாயிடுச்சு. உன் மிஷின் இல்லன்னா கண்டுபுடிச்சிருக்க முடியுமா?"

பேச வேண்டிய கணம் அதுதான். ஜாகிர் தடுப்புக்கு அப்பாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் "ஆமாம் சார்" என்றேன். கம்ப்யூட்டர் சார் என்ற பட்டம் என் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. அன்றுமுதல் ஜாகிர் என்னிடம் வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டுமே பேசினார்.

மறு ஆண்டு ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போனபோது, பேருந்து நிலையத்தில் கலியபெருமாளைக் கண்டேன். சுண்ணாம்புத் திட்டுகள் படிந்த சட்டை. கட்டட வேலைக்கு வந்தாராம். நான் நழுவப் பார்த்தேன். அவரே அருகில் வந்தார்.

"சௌக்கியமா சார்? அந்தப் பொட்டி இப்ப சரியா காட்டுதா?"

"காட்டுது."

"எப்பலேர்ந்து?"

குரலில் கோபமில்லை; சிரிப்புமில்லை. நான் கடலூர் பேருந்து வருகிறதா என்று பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டினேன். அவரும் அந்தத் திசையைப் பார்த்தார். பிறகு, "சரி சார், மேஸ்திரி தேடுவாரு, வரேன்" என்று கூட்டத்துக்குள் போய்விட்டார்.

தொழிற்சாலை மூடப்பட்டு அந்த மனையில் இப்போது திருமண மண்டபம் நிற்கிறது. மேலாளர் காலமானார். ஜாகிர் வளைகுடாவுக்குப் போனவர், கடிதம் எழுதவில்லை. பழைய நிரலையும் திருத்திய நிரலையும் ஒரு பிளாப்பியில் போட்டுவைத்திருந்தேன், என்றாவது ஒருநாள் யாரிடமாவது காட்டலாம் என்று. அதில் பூசணம் பூத்துவிட்டது; அதைப் படிக்கும் கருவியும் கடலூரில் எவரிடமும் இல்லை. கடல் ஊருக்குள் வந்த ஆண்டுக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் அவருடைய தெருவும் இடம் மாறிவிட்டது. இரண்டு முறை போய்த் தேடினேன். கலியபெருமாள் என்ற பெயரில் நான்கு பேரைக் காட்டினார்கள். எவரும் அவரல்லர்.

நீங்கள் போனதற்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து, மாமா. பிற்பகல் மூன்று மணியிலிருந்து.