முருகேசனின் மன்னிப்புப் பாட்டு

கேட்பவர் மனசை உருக்குவதுதான் 'சோல்' என்ற மேல்நாட்டு இசைத் தொழில்; முதலில் உருகுவது நாம்தான் என்பது அதில் விழுந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி துபாய் சத்வாவில், தையல்கடைக்கு மேல் இருந்த அறையில் நானும் நண்பன் செல்வமும் அதைச் செய்தோம். வரிகள் நான், மெட்டும் பதிவும் அவன்.

கேட்டு வந்தவர்

ஓமானில் சோஹார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் முருகேசன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். ஊருக்கு வருகிறேன் என்று இரண்டு முறை சொல்லியும், இரண்டு முறையும் லீவு கிடைக்கவில்லை. மனைவி வாணி போனில் பேசுவதையே நிறுத்திவிட்டாராம். பாட்டிலாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். சோல் என்றால் அடிவயிற்றிலிருந்து வருவது என்று செல்வம் வெகுநேரம் விளக்கினான்.

"அதெல்லாம் உங்க இஷ்டம் தம்பி. அவ பேசணும், அவ்வளவுதான்."

ஆகஸ்டில் பதிவு

ஏசி ஓடினால் அதன் உறுமல் மைக்கில் விழும். அணைத்தால் அறை அடுப்பாகிவிடும். அணைத்தோம். எங்கள் பாடகர் சிவம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கடையில் கேஷியர். பனியனோடு நின்று இரண்டு சரணம் பாடியவர், மூன்றாவதில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

"ஏசியைப் போடுங்கோ தம்பி, இல்லாட்டி உந்தப் பாட்டை நீங்களே பாடுங்கோ."

நடுவில் கொஞ்சம் பேச்சு

இந்த வகைப் பாட்டில் நடுவே இசை தணிந்து, பாடுகிறவன் பேசுவான். அதை முருகேசனே பேசட்டும் என்று 'நிலவே' என்று தொடங்கி உருகி உருகி நாலு வரி எழுதிக் கொடுத்தேன். மைக் முன்னால் நின்றவர் அதைப் படிக்காமல், வாயில் வந்ததைத் திக்கித் திணறிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். செல்வம் அதையும் பதிவு செய்து தனி சிடியில் போட்டு வைத்தான். கடைசியில் என் வரிகளைச் சிவம் அண்ணையே பேசினார். எனக்குக் கோபமான கோபம்.

"கோச்சுக்காதீங்க தம்பி. நான் போயி அவளை 'நிலவே'ன்னா, குடிச்சிருக்கேன்னு நெனப்பா."

மாறிப்போன சிடி

ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவதுதானே நம் வழக்கம். செல்வம் அவசரத்தில் வேறு சிடியைக் கொடுத்துவிட்டான். விமானம் கிளம்பிய பிறகுதான் பார்த்தோம். போனதில் பாட்டே இல்லை. முருகேசன் திணறியது மட்டும்தான். "பெட்டி கட்டி வச்சிருந்தேன் வாணி. ரெண்டு தடவையும் நானே பிரிச்சேன்..." ஒரு குடும்பத்தையே கெடுத்துவிட்டோம் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முருகேசன் போன் செய்தபோது, செல்வம் பேச மறுத்து போனை என் கையில் திணித்தான். அந்தப் பக்கம் சிரிப்பு.

"பேசிட்டா தம்பி! போன் கார்டு தீர்ற வரைக்கும் திட்டுனா!"

அதற்குப் பிறகு வந்தவர்களையெல்லாம் முதலில் மைக் முன்னால் பேச விட்டோம். பாதிப் பேர் அதுவே போதும், பாட்டு வேண்டாம் என்று சந்தோஷமாகக் கிளம்பிப் போய்விட்டார்கள்.